பள்ளத்தில் மட்டும் பேசும் வண்டி

சோலைமுத்துவின் மோட்டார் சைக்கிள் மோசமான ரோட்டில் பேசும். நல்ல ரோட்டில் வாயை மூடிக்கொள்ளும்.

ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் காய்கறி விற்பது அவன் தொழில். பின்சீட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பெட்டிகள், கைப்பிடிக்கு முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர். ஜல்லி பெயர்ந்து கிடக்கும் பாதையில் வண்டி குலுங்கக் குலுங்க, "கத்திரிக்கா வந்திருக்கு, வெண்டக்கா வந்திருக்கு, பீக்கங்கா பொடலங்கா வந்திருக்கு, எளசா முருங்கக்கா வந்திருக்கு" என்று ஸ்பீக்கர் கணீரென்று கூவும். புதிதாகத் தார் போட்ட தெருவுக்குள் திரும்பினால், "பீக்கங்கா பொட" என்பதோடு குரல் நின்றுபோகும். சோலைமுத்து இறங்கி, கைப்பிடிக்குக் கீழே சாக்கெட்டில் செருகியிருக்கும் பிளக்கின் தலையில் முஷ்டியால் ஒரு குத்து விடுவான். உயிர் வரும். ஆனால் பென்டிரைவில் ஓடுகிற குரல் என்பதால் விட்ட இடத்திலிருந்து தொடராது. மறுபடி கத்திரிக்காயிலிருந்து ஆரம்பிக்கும். இதனால் நல்ல தெருக்களில் குடியிருந்தவர்களுக்கு, சோலைமுத்துவிடம் முருங்கைக்காயும் உண்டு என்கிற விஷயமே வெகுநாள் தெரியாமல் இருந்தது.

குரல் அவனுடையது அல்ல. அவன் மனைவி பொன்னழகுவினுடையது. சோலைமுத்துவுக்குப் பிறவியிலேயே சன்னமான குரல். இளவயதில் சைக்கிளில் கீரை விற்றபோது, அவன் கூவுவது கீரைக்கட்டுக்கே கேட்காது என்று பெண்கள் கேலி பேசுவார்கள். பொன்னழகு அப்படியில்லை. கண்மாயின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற ஆடு தலைதூக்கிப் பார்க்கும். கல்யாணமான புதிதில் அவன் ஒரு பழைய மொபெட் வாங்கினான், அவள் பின்னால் உட்கார்ந்து கூவினாள், யாவாரம் சூடுபிடித்தது. மகள் தீபா பிறந்ததும் அவள் வீட்டோடு நின்றுவிட, யாவாரம் பழையபடி கிசுகிசுப்பாயிற்று. வளர்ந்து திருப்பூரில் வேலைக்குப் போன தீபாதான் ஒரு விடுமுறையில் அம்மாவை உட்காரவைத்துக் குரலைப் பதிவு செய்து கொடுத்தாள். பொன்னழகு ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "போதுமாடி, இல்ல வெலயையும் சொல்லவா" என்று கேட்டது சேர்ந்தே பதிவாகிவிட்டது. அதை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். மண்ரோட்டுப் பிள்ளைகள் வண்டியைக் கண்டாலே "வெலயையும் சொல்லவா" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடும்.

குரல் நின்றுபோகிற தெருக்களில் வேறுவிதமான கேலி.

"என்ன சோலை, பொன்னழகு பாதியில கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

"இங்கயாவது செத்த நேரம் பேசாம இருக்காளேன்னு பாக்குறேன் தாயி" என்பான் அவன். சன்னக் குரல் என்பதால் அது பொன்னழகுவின் காதுவரை என்றும் போய்ச்சேர்ந்ததில்லை.

மோட்டார் சைக்கிள் அவனுடைய வெகுநாள் ஆசை. சைக்கிள் மிதித்த காலத்திலிருந்தே, ரோட்டில் மோட்டார் சைக்கிள் போனால் அது கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மிதி மிதிப்பான். ஐம்பதை நெருங்கும் வயதில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி வாத்தியாரிடமிருந்து இதைப் பழைய வண்டியாக வாங்கினான். கறுப்பு நிறம், அகலமான டேங்க். உதைத்துக் கிளப்புகிற கிக்கர் அதில் கிடையாது. பட்டனை அமுக்கினால் கிளம்பும். பேட்டரியில் உயிர் இல்லையென்றால் தள்ளித்தான் கிளப்பவேண்டும். வாங்கிய அன்று இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

சாக்கெட்டைப் பொருத்திக் கொடுத்தவர் பேகம்பூரில் வண்டி ஒயரிங் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம். கார்களில் சிகரெட் பற்றவைக்க இருக்குமே, விரல் நுழைகிற அளவுக்கு வட்டமான துளை, அதே சாக்கெட்தான். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, கைப்பிடிக்குக் கீழே திருகிக் கொடுத்தார். பகலில் அதில் ஸ்பீக்கரைச் செருகலாம். மரத்தடியில் இன்ஜினை நிறுத்திவிட்டு நாளெல்லாம் கூவவிட்டால் பேட்டரி இறங்கும் அல்லவா, அதற்காகச் சாயங்காலம் வீட்டில் அதே துளையில் சார்ஜரைச் செருகிப் பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். வெளியே போவதும் உள்ளே வருவதும் ஒரே வாசல். சார்ஜர் தீபா அனுப்பியது. மின்சாரம் ஏறும்போது சிவப்பு விளக்கு எரியும், ஏறி முடிந்தால் பச்சை.

ஸ்பீக்கர் பிளக்கை முஷ்டியால் குத்துகிற அதே சோலைமுத்து, மகள் அனுப்பிய சார்ஜரைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி மெல்லச் செருகுவான். செருகிய உடனே பச்சை எரியும். "பாத்தியா, இன்னைக்குப் பேட்டரி எறங்கவே இல்ல" என்பான். பொன்னழகுவும் எட்டிப் பார்த்துப் பச்சையைக் கண்ணால் கும்பிட்டுக்கொண்டு படுக்கப் போவாள்.

விடிந்தால் வண்டி கிளம்பாது.

பட்டனை அமுக்கினால் உள்ளே யாரோ நாக்கால் 'ட்ச்சு' கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு சோலைமுத்து மேலே உட்கார, பொன்னழகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள். தெருமுனைக்குள் கிளம்பினால் நல்ல நாள். திண்டுக்கல் மார்க்கெட்டில் நல்ல காய் முடிவதற்குள் போய்ச்சேர வேண்டுமே என்று அவனுக்குப் பதைப்பு. தெருவே பல்துலக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறதே என்று அவளுக்குக் கடுப்பு.

இரண்டு மூன்று மாதம் இப்படி ஓடியது. கையூம் கடைக்கு வண்டி போய்வந்துகொண்டே இருந்தது. முதல் தடவை பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். அடுத்த தடவை எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கினார். அதற்கடுத்த தடவை ஃபியூஸை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஊசிமுனை வைத்த டெஸ்ட் லைட்டைச் சாக்கெட்டுக்குள் விட்டுக் குத்திப் பார்ப்பார்; லைட் பளிச்சென்று எரியும். கடையிலிருக்கும் பெரிய சார்ஜரின் கிளிப்புகளை நேராகப் பேட்டரியில் கடிக்கவிட்டு ஏற்றி அனுப்புவார். ஓரிரு நாள் வண்டி சொன்னபடி கேட்கும். பிறகு பழைய கதை.

"மாப்ள, என்கிட்ட இருக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஒன் வீட்டுக்குப் போனாத்தான் சீக்காகுது. கோளாறு ஒன் வீட்டுலதான் இருக்கு" என்றார் கையூம்.

"அத எங்க வீட்டுல வந்து சொல்லிராதீக பாய்."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வண்டி தெருமுனையைத் தாண்டியும் கிளம்பவில்லை. கோயில் வளைவு வரை தள்ளிய பொன்னழகுவின் கால் கட்டைவிரல் கல்லில் இடித்து நகம் பெயர்ந்தது. அவள் கத்தவில்லை. அதுதான் சோலைமுத்துவைப் பயமுறுத்தியது. வண்டியின் பின்கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம தம்பி வாரான். சாவிய அவன் கையில குடுத்துருவேன்."

"எந்தச் சாவி?"

"பீரோச் சாவியா குடுப்பேன்? இந்தக் கழுதயோட சாவிதான். அவன் மொபெட்ட நீங்க வச்சுக்கங்க. அது கூப்ட்டா வருது."

தம்பி என்பது பொம்மையன். சாணார்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு, வயது முப்பதுக்குள். அக்காள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் வண்டியை நலம் விசாரித்துவிட்டுத்தான் மனிதர்களிடம் வருவான். டேங்கைத் தடவி, சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போவான். "வண்டி கெளம்பலன்னா என்னக்கா, நான் எளந்தாரிப் பய, ரெண்டு எட்டு தள்ளுனாக் கெளம்பிட்டுப் போகுது. நீங்க மொபெட்ட எடுத்துக்கங்க, மாத்திக்கிருவோம்" என்று போன தடவையே விதை போட்டிருந்தான். அன்றைக்குச் சோலைமுத்து சிரித்து மழுப்பிவிட்டான். இப்போது பொன்னழகு வாயிலிருந்தே வந்துவிட்டது, தம்பிக்குப் போனிலும் சொல்லிவிட்டாள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஊர்கூடி வந்தாலும் மாற்றமுடியாது என்று அவனுக்குத் தெரியும்.

மொபெட் ஓட்டினால் யாவாரம் நின்றுவிடாது. அதிலும் பெட்டி கட்டலாம். ஆனால் ஐம்பது வயதுவரை பொறுத்திருந்து ஏறிய வண்டியை விட்டிறங்கி, அதே வண்டியில் மச்சினன் ஊர்வலம் வருவதைப் பார்த்துக்கொண்டு மொபெட்டில் போவது எப்படி என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இடையில் ஒரு நாள்தான். மதியத்துக்கு மேல் யாவாரத்தைப் பாதியில் விட்டுப் பேகம்பூருக்குப் போனான். ஜும்மா தொழுகை முடிந்து கையூம் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"பாய், ஞாயித்துக்கெழம வண்டி கைமாறப் போகுது."

"யாருக்கு?"

"மச்சினனுக்கு."

கையூம் சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். "கொடுமைதான். செரி, இன்னைக்கு நான் ஒண்ணத்தயும் தொட மாட்டேன். வீட்டுல என்ன செய்வியோ அத அப்படியே என் முன்னால செய்யி. சார்ஜர் கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தான். துண்டில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்திருந்ததை எடுத்தான். கையூம் கடைக்குள்ளிருந்து ஒயரை இழுத்துக் கொடுக்க, சோலைமுத்து வழக்கம்போல் பிளக்கைச் சாக்கெட்டில் மெல்லச் செருகினான். பச்சை எரிந்தது.

"பாத்தீகளா, ஃபுல்லு."

கையூம் வண்டியின் பட்டனை அமுக்கினார். 'ட்ச்சு' என்றது.

"பேட்டரி பட்டினி கெடக்கு. இது வயிறு நெறஞ்சு போச்சுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்று குனிந்து விளக்கையே பார்த்தார். பிறகு, "நீ ரோட்டுல ஸ்பீக்கர் நின்னுபோச்சுன்னா என்ன செய்வே?" என்று கேட்டார்.

"ஒரு குத்து விடுவேன்."

"இத ஏன் குத்தல?"

"பாய், பிள்ள வாங்கி அனுப்புனது."

கையூம் பிளக்கின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தார். சோலைமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளக்கு சிவப்பானது. கையை எடுத்து வண்டியை லேசாக அசைத்தார், பச்சையானது. மறுபடி அழுத்தினார், சிவப்பு.

"அடப் பாவி, இது பச்சை காட்டுறது வயிறு நெறஞ்சதுக்கு இல்ல. கரண்டு போறதுக்கு வழியே இல்லாம சும்மா நிக்கிது. பந்தியில எலையில கைவைக்காதவனுக்கும் பசியில்லன்னுதான நெனச்சுக்கிருவாக, அந்த மாதிரி. மூணு மாசமா ஒன் சார்ஜர் ராவெல்லாம் சும்மா ஒக்காந்துட்டு வந்திருக்கு."

"நீங்க டெஸ்ட் லைட்டு வச்சப்ப எரிஞ்சுச்சே."

"அது ஊசி. எதுவா இருந்தாலும் தொளச்சுக்கிட்டுப் போகும். பிளக்கோட மூக்கு மொட்டையில்ல. நடுவுல ஏதோ மறிக்கிது."

ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தைச் சாக்கெட்டுக்குள் அடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். சாக்கெட்டின் அடியில், பிளக்கின் மூக்கு தொடவேண்டிய இடத்தில், பித்தளைப் பளபளப்புக்குப் பதிலாக மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"கொளவி கூடு கட்டிருச்சு மாப்ள. போன வருசம் ஒரு லாரிக்காரனுக்கு இப்படித்தான்."

மெல்லிய திருப்புளியை விட்டுச் சுரண்டினார். அடையாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சளில் ஒரு அடுக்கு, சிவப்பில் ஒரு பொட்டு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. பொடியைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே நிமிர்ந்து சோலைமுத்துவைப் பார்த்தார்.

"இந்தக் கொளவி சந்தனத்துல கூடு கட்டுதுப்பா."

சோலைமுத்து முகர்ந்து பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போன வருடம் மணலில் சறுக்கி அவன் ரோட்டில் விழுந்து, தக்காளிப் பெட்டி அவன்மேல் விழுந்து, பார்த்தவர்கள் ரத்தம் என்று அலறிய பிறகு, பொன்னழகு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். டேங்கில் வைத்தாள், காய் வாங்குகிறவர்களின் முந்தானையில் ஒட்டிக்கொண்டு போயிற்று. ஹெட்லைட்டில் வைத்தாள்; மழை கழுவிற்று. அழியாத இடமாகத் தேடியவள் கண்ணில் இந்தத் துளை பட்டிருக்கிறது. மழை படாது, முந்தானை படாது, வண்டிக்குள் உயிர் ஏறுகிற இடமும் அதுதான். சுண்டுவிரலால் ஆழமாகவே வைத்திருக்கிறாள்.

"இத நான் எப்படி வீட்டுல சொல்றது பாய்?"

"வாயாலதான்."

"நீங்க சொன்னா அவ கேப்பா."

"யாரு, நானா? தங்கச்சி வெள்ளிக்கெழம பூசையில குத்தம்னு இந்தப் பாய் போயிச் சொல்லணுமாக்கும். ஏலே, வயித்துல அடிக்காதடா." சிரித்துக்கொண்டே உப்புத்தாளால் உள்ளே தேய்த்துப் பித்தளையைக் கண்ணாடியாக்கினார். ஃபியூஸைப் போட்டு, பேட்டரியைக் கிளம்புகிற அளவுக்கு மட்டும் ஏற்றினார். "வேணும்னேதான் கொறச்சு வச்சிருக்கேன். வீட்டுல போயிச் செருகு. செகப்பு எரியும். அது எரியும்போது சொல்லு, தைரியமா இருக்கும்."

வழியெல்லாம் சோலைமுத்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். 'பொன்னழகு, ஒன் மேல தப்பில்ல' என்று ஆரம்பித்தால் யாரோ தப்பு இருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 'சாமி குத்தமில்ல' என்று ஆரம்பித்தால் வேறு வம்பு. ஒன்றும் அமையாமலே வீடு வந்துவிட்டது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் கையில் சந்தனக் கிண்ணமுமாகப் பொன்னழகு நின்றுகொண்டிருந்தாள். கட்டைவிரலில் மஞ்சள் பத்து.

"கடைசி வெள்ளி. நல்லபடியாக் கழுவிப் பொட்டு வச்சுத் தம்பிட்டக் குடுப்போம்" என்றாள்.

வண்டியைக் கழுவினாள். டேங்கில் வைத்தாள், ஹெட்லைட்டில் வைத்தாள். சுண்டுவிரலைச் சந்தனத்தில் தோய்த்துச் சாக்கெட்டை நோக்கிக் கொண்டுபோனபோது சோலைமுத்துவின் கை தானாகப் போய்த் துளையை மூடிக்கொண்டது.

"அதுல மட்டும் வேணாம்."

"ஏன்?"

சொன்னான். கோவையாக வரவில்லை. ஊசி, மொட்டை மூக்கு, பந்தி, குளவி என்று கையூம் சொன்னதையெல்லாம் கலந்துகட்டிச் சொன்னான். பொன்னழகு முழுவதையும் கேட்டாள்.

"வண்டியக் குடுக்க மனசில்ல. அதுக்கு இம்புட்டுக் கதையா? சந்தனத்தயா இழுப்பீக?"

"பாய்ட்டக் கேளு."

கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணே, ஓட்டைக்குள்ள என்ன இருந்துச்சு? நெசத்தச் சொல்லுங்க" என்றாள்.

மறுமுனையில் திருப்புளி கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு கையூமின் குரல் மிக மரியாதையாக வந்தது. "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. ஏதோ தூசி. ரோட்டுத் தூசி. நல்லாயிருக்கியாம்மா? பிள்ள நல்லாயிருக்கா? கடையில ஆள் நிக்கிது, வச்சிர்றேன்."

போன் நின்றது. பொன்னழகு புருஷனைப் பார்த்த பார்வையில் தக்காளி வெந்திருக்கும். சோலைமுத்துவுக்குக் கையூம் மீது கோபம்கூட வரவில்லை. தானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது.

"செரி, நீயே செருகிப் பாரு" என்று சார்ஜரை அவள் கையில் கொடுத்தான்.

அவள் செருகினாள். சிவப்பு எரிந்தது.

"என்னங்க, செகப்பு எரியுது. கெட்டுப்போச்சா?"

"செகப்புன்னாத்தான் ஏறுதுன்னு அர்த்தம். தீபா சொல்லல?"

பொன்னழகு பிளக்கைப் பிடுங்கினாள். சுண்டுவிரலால் துளைக்குள் சந்தனத்தை வழக்கம்போல் ஆழமாக வைத்தாள், குங்குமமும் வைத்தாள். "காயட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள், வெங்காயம் உரித்தாள். சோலைமுத்து வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து அவன் செருகுகிற மாதிரியே மெல்லச் செருகினாள்.

பச்சை.

ஈரத் துணியைத் தீக்குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தாள். துடைத்துத் துடைத்துத் துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை விடவில்லை. செருகினாள். சிவப்பு. இன்னொரு தடவை சந்தனம் வைத்துப் பார்க்கலாமா என்று கிண்ணத்தைப் பார்த்தவள், வேண்டாம் என்று மூடிவைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோலைமுத்துவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தான்.

"மூணு மாசம்" என்றாள் பொன்னழகு, திரும்பாமலே. "மூணு மாசமா நான் தெருத் தெருவாத் தள்ளிருக்கேன். நகம் பேந்துருக்கு. அந்த ஓட்டைக்குள்ள ஒருவாட்டி எட்டிப் பாக்கணும்னு ஒங்களுக்குத் தோணல."

சோலைமுத்து நியாயம் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தான். அவள் பக்கம்தான் இருக்கிற மாதிரித் தெரிந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழம?" என்று மட்டும் கேட்டான்.

"நல்லா ஓடுற வண்டிய எவளாச்சும் தூக்கித் தம்பிக்குக் குடுப்பாளா? ஆனா இந்த விசயம் அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எங்க அம்மா வீட்டுல ஆளாளுக்குச் சொல்லிச் சிரிப்பாக. வாயத் தொறந்தீக, அப்புறம் நான் ஒங்களோட பேசவே மாட்டேன்."

"ஸ்பீக்கர்லயுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்ததால் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொம்மையன் மொபெட்டில் வந்து இறங்கினான். தலையில் புத்தம்புது ஹெல்மெட், வண்டிக்குப் பொருத்தமாகக் கறுப்பு நிறத்தில். அதைக் கழற்றாமலே டேங்கைத் தடவிப் பார்த்தான். உள்ளே கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் இரண்டாவது தடவை சோறு வாங்குகிறவரை காத்திருந்து, குழம்பை ஊற்றிக்கொண்டே பொன்னழகு சொன்னாள்.

"தம்பி, ஒங்க மாமாவுக்கு மனசு வரலையாம்டா. வண்டியத் தர மாட்டேங்கிறாரு."

சோலைமுத்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா இது? அக்கா போன்ல குடுக்கிறேன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீக. ஹெல்மெட்டு வரைக்கும் வாங்கிட்டேன்."

"மனசு வரல மாப்ள" என்றான் சோலைமுத்து. வேறு என்ன சொல்வது?

"நீ சொல்லுக்கா."

"நான் என்னத்தச் சொல்ல. வண்டி அவரு பேர்ல இருக்கு."

"அப்ப நீ தெனமும் தள்ளிக்கிட்டே கெடக்கப் போறியா?"

பொன்னழகு குழம்புச் சட்டியை மூடினாள். "என் தலையெழுத்து, தள்ளுறேன்" என்றாள்.

அது பொம்மையனை உலுக்கிவிட்டது. கை கழுவி வந்து, பெயர்ந்த நகத்தோடு அக்காள் நிற்பதைப் பார்த்ததும் இன்னும் கொதித்தான். வண்டி போன வருத்தம் ஒருபக்கம், அக்காள் பாசம் ஒருபக்கம். "இன்னைக்கு நான் இங்கதான் படுக்கிறேன். காலைல நான் தள்ளி விடுறேன். மாமாவையும் நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டுத்தான் கெளம்புவேன்" என்றான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கச் சிரமப்பட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பொம்மையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் தயாராக நின்றான். சோலைமுத்து ஏறி உட்கார்ந்தான். கட்டைவிரல் பழக்கத்தில் பட்டனைத் தேடிப் போனது. வாசலில் நின்ற பொன்னழகு இருமினாள். கட்டைவிரல் திரும்பி வந்தது.

"தள்ளு மாப்ள."

பொம்மையன் தள்ளினான். இரண்டு எட்டு தள்ளினான், இருபது எட்டு தள்ளினான். சோலைமுத்து கிளட்சை விட்டான். சாவியை அவன் இன்னும் திருப்பியிருக்கவில்லை. வண்டி முக்கி, குலுங்கி, நின்றது.

"இப்படித்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் வேகமா" என்றான்.

தெருமுனை வந்தது. பல்துலக்குகிறவர்கள் துலக்குவதை நிறுத்திவிட்டுப் புது ஆளைப் பார்த்தார்கள். "தம்பி, அக்கா இதவிட நல்லாத் தள்ளும்" என்று ஒரு குரல் வந்தது. கோயில் வளைவில் பொம்மையனின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியபோது சோலைமுத்துவுக்கே மனது கேட்கவில்லை. சாவியைத் திருப்பிக் கிளட்சை விட்டான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிற்று.

பொம்மையன் வளைவுக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் கைவைத்து வெகுநேரம் மூச்சு வாங்கினான். கேட்பதாகச் சொன்ன நாலு வார்த்தை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மாமா, தெனமுமா இப்படி?"

"மழைக்காலத்துல இன்னுங் கொஞ்சம் சாஸ்தி."

"நல்லவேள மாமா, நீங்க மனசு மாறுனீக. இந்தக் கழுதய நான் கொண்டுட்டுப் போயிருந்தேன், வீட்டுல என்னைய உரிச்சு உப்புத் தடவிருப்பா." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "ஹெல்மெட்ட நீங்களே வச்சுக்கங்க. கறுப்பு வண்டிக்குத்தான் பொருந்தும்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். பொம்மையன் அக்காவிடம் காப்பியை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு மொபெட்டை வாசலுக்கு இறக்கினான். ஒரே மிதி. படபடவென்று கிளம்பிவிட்டது. அவன் புகைக்குள்ளிருந்து திரும்பி, மாமாவையும் அந்தக் கறுப்பு வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, ஜெயித்தவன் சிரிக்கிற சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுச் சாணார்பட்டிப் பக்கம் போனான்.